வாரம் ஒரு மணி நேரம்: பாட்காஸ்ட் கேட்டு பிரிட்டன் அரசியலைப் புரிந்துகொள்ள

2025 ஜூலை 1, செவ்வாய்க்கிழமை. லண்டன் நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையைக் குறைக்கும் மசோதா விவாதத்துக்கு வந்திருந்தது. 650 பேர் கொண்ட அவையில் ஆளும் லேபர் கட்சிக்கு மட்டும் 400-க்கும் மேற்பட்ட எம்.பி.க்கள். ஆனால் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் எழுந்து, மசோதாவின் முக்கியமான பிரிவையே எடுத்துவிடுவதாக அறிவித்தார். அதற்கப்புறம்தான் 335-க்கு 260 என்ற கணக்கில் மசோதா அன்றைய ஓட்டெடுப்பில் தேறியது. அப்போதும் லேபர் எம்.பி.க்கள் 49 பேர் சொந்த அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள்.

"நானூறு பேரை வைத்துக்கொண்டு எதற்கு மாமா இப்படிப் பயப்படுகிறார்கள்?" என்று என் அக்கா மகள் போனில் கேட்டாள். அங்கே நர்ஸாக இருக்கிறாள். வேலைக்குப் போகிற வழியில் செய்தித் தலைப்புகளைப் பார்க்கிறவள்தான், ஆனால் தலைப்புகளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அந்த வாரக் கடைசியில் வந்த பாட்காஸ்ட் ஒன்றை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். படிக்கவோ வேலைக்கோ அங்கே போனவர்களுக்கும், இங்கிருந்தே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பிரிட்டன் அரசியலுக்கு பாட்காஸ்ட் பஞ்சமே கிடையாது. தினமும் வருபவையே நிறைய இருக்கின்றன. புதியவர்கள் அவற்றைத் தொடவேண்டாம் என்பது என் கருத்து. செவ்வாய்க்கிழமை பெரிய விஷயமாகப் பேசியதை வியாழக்கிழமை யாருமே நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை வருவது நிதானமாக வரும். எது தங்கியது, எது கரைந்தது என்று அவர்களே சலித்துக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படி வாரக் கணக்கில் சொல்வது அங்கே பழைய வழக்கம். பிபிசி ரேடியோ 4-ல் வரும் 'தி வீக் இன் வெஸ்ட்மின்ஸ்டர்' 1929-லேயே தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைத்திருந்தது. புதிதாக வாக்காளர்களான பெண்களுக்கு நாடாளுமன்றத்தில் என்ன நடக்கிறது என்று பெண் எம்.பி.க்களே வந்து பேசினார்கள். புதியவர்களுக்காகப் பிறந்த நிகழ்ச்சி அது. அதனால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. இன்றைக்கும் தொடங்க ஏற்ற இடம்.

அடுத்தது, இன்ஸ்டிடியூட் ஃபார் கவர்ன்மென்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் 'இன்சைட் பிரீஃபிங்'. கட்சி சார்பு இல்லாமல், அரசு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பேசுவார்கள். நாடாளுமன்ற நடைமுறை பிடித்துப்போனால் ஹன்சார்ட் சொசைட்டியின் 'பார்லிமென்ட் மேட்டர்ஸ்' இருக்கிறது. கார்டியன் பத்திரிகையின் 'பாலிடிக்ஸ் வீக்லி யுகே' இடது பக்கம் சாய்ந்தது. ஸ்பெக்டேட்டர் இதழின் 'காஃபி ஹவுஸ் ஷாட்ஸ்' வலது பக்கம், ஆனால் அது தினமும் வருகிற வகை. எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் 'தி ரெஸ்ட் இஸ் பாலிடிக்ஸ்'. 2022-ல் தொடங்கியது. முன்னாள் பிரதமர் டோனி பிளேரின் ஊடகத் தொடர்புகளைக் கவனித்த அலஸ்டர் கேம்பலும், கன்சர்வேட்டிவ் அமைச்சராக இருந்த ரோரி ஸ்டூவர்ட்டும் பேசுகிறார்கள். பேச்சு சுவையாக இருக்கும். ஆனால் பாதி நேரம் உலக அரசியலுக்குப் போய்விடும், அடிப்படை தெரிந்தவர்களிடம் பேசுவது போலவும் இருக்கும். இரண்டு மாதம் கழித்து அதற்குப் போகலாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு குறைந்தது எட்டு வாரம் மாற்றாதீர்கள். குரல்கள் பழக வேண்டும். சில பாட்காஸ்ட் செயலிகளில் பேச்சின் எழுத்து வடிவமும் கூடவே ஓடும். ஸ்காட்லாந்து உச்சரிப்பு வரும்போது அது பெரிய துணை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக் கேட்பதிலும் தப்பில்லை.

கேட்பதற்கு முன் ஒரு பக்கக் குறிப்பு

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் 650 இடங்கள், பெரும்பான்மைக்கு 326. 2024 ஜூலை 4 தேர்தலில் லேபர் 411, டோரி என்று அழைக்கப்படும் கன்சர்வேட்டிவ் கட்சி 121, லிபரல் டெமாக்ரட் 72, ஸ்காட்லாந்தின் எஸ்என்பி 9, நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யுகே 5, கிரீன் கட்சி 4. அடுத்த பொதுத் தேர்தல் அதிகபட்சம் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும்.

அதே தாளில் ஓட்டு விழுக்காட்டையும் எழுதுங்கள். லேபர் வாங்கியது 33.7 விழுக்காடு. ரிஃபார்ம் 14.3 விழுக்காடு வாங்கியும் ஐந்தே இடம். லிபரல் டெமாக்ரட் 12.2 விழுக்காட்டில் 72 இடம் பிடித்தது. அதிக ஓட்டு வாங்கியவரே தொகுதியில் ஜெயிப்பார் என்ற முறை நமக்குப் புதிதில்லை. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் ஒரே கூட்டணிக்குப் போனதைப் பார்த்தவர்கள்தானே நாம். அங்கேயும் டெபாசிட் உண்டு: 500 பவுண்டு கட்ட வேண்டும், 5 விழுக்காடு ஓட்டு வாங்காவிட்டால் திரும்பி வராது. நம் ஊரில் ஆறில் ஒரு பங்கு வாங்க வேண்டும்.

தெரிந்த சொற்களிடம்தான் கவனம் வேண்டும்

புதிய சொல் வந்தால் தேடிப் பார்த்துவிடுவோம். தெரிந்த சொல் வந்தால் நம் ஊர் அர்த்தத்தைப் போட்டுக்கொண்டு போய்விடுவோம். தடுமாறுவது அங்கேதான்.

'செக்ரட்டரி' என்றால் நமக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி நினைவுக்கு வருவார். அங்கே 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்பவர் அமைச்சரவையில் இருக்கும் முழு அமைச்சர். ஹோம் செக்ரட்டரி உள்துறை அமைச்சர், ஹெல்த் செக்ரட்டரி சுகாதார அமைச்சர். வெறுமனே 'மினிஸ்டர்' என்றால் பெரும்பாலும் அவருக்குக் கீழே இருக்கும் இணை அமைச்சர். நம் துறைச் செயலாளருக்குச் சமமான அதிகாரியை 'பெர்மனன்ட் செக்ரட்டரி' என்பார்கள். இதிலும் குழப்பமானது 'சீஃப் செக்ரட்டரி டு த ட்ரெஷரி'. தலைமைச் செயலாளர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் அரசியல்வாதிதான், நிதி அமைச்சகத்தின் இரண்டாவது அமைச்சர். அந்த அமைச்சகத்தின் தலைவரான நிதி அமைச்சரை 'சான்சலர்' என்பார்கள். நமக்கு அது பல்கலைக்கழக வேந்தர்.

எம்.பி. 'சர்ஜரி' நடத்தினார் என்று கேட்டால், தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்டார் என்று பொருள். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். 'லாபி' என்ற ஒரு சொல்லுக்கு மூன்று வேலை. ஓட்டெடுப்பின்போது எம்.பி.க்கள் நடந்துபோகும் கூடம் ஒன்று. நாடாளுமன்றத்தில் அனுமதி பெற்றுச் செய்தி சேகரிக்கும் நிருபர் கூட்டம் இன்னொன்று. காரியம் சாதிக்க ஆள் பிடிப்பது மூன்றாவது. 'நம்பர் டென்' என்றால் டவுனிங் தெரு 10-ம் எண் வீடு, அதாவது பிரதமர் அலுவலகம். 'நம்பர் லெவன்' சான்சலர். 'ஒயிட்ஹால்' என்றால் அதிகார வர்க்கம். காமன்ஸ் சபையில் 'அந்த இன்னொரு இடம்' என்று சொன்னால் பிரபுக்கள் சபையைச் சொல்கிறார்கள்.

'நம்பர் டென் வட்டாரம் ஒன்று சொன்னது' என்று வரும்போது காது கொடுங்கள். பெயர் போடாமல் யாரோ ஒருவர் ஒரு நோக்கத்தோடு சொன்ன செய்தி அது. நல்ல பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள் உடனே, 'இதை இப்போது வெளியே விட்டால் யாருக்கு லாபம்?' என்று கேட்பார்கள்.

கொறடா: எல்லாக் கதவும் திறக்கும் இடம்

என் அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் எம்.பி. பதவியே போகலாம். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அது. பிரிட்டனில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. கொறடாவை மீறினால் அதிகபட்சம் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து வெளியே அனுப்புவார்கள். அதைத்தான் 'விப்பை இழந்தார்' என்பார்கள். எம்.பி. பதவி அப்படியே இருக்கும், சுயேச்சையாக உட்காருவார்.

2019 செப்டம்பர் 3-ம் தேதி இரவு, ஒப்பந்தம் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்க, கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் 21 பேர் போரிஸ் ஜான்சன் அரசை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அத்தனை பேரும் விப்பை இழந்தார்கள். முன்னாள் சான்சலர்கள் இருவர் அதில் இருந்தார்கள். வின்ஸ்டன் சர்ச்சிலின் பேரன் இருந்தார். ரோரி ஸ்டூவர்ட்டும் இருந்தார். லேபர் ஆட்சிக்கு வந்த மாதத்திலேயே, இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை கிடையாது என்ற விதியை நீக்கக் கோரி ஓட்டுப் போட்ட லேபர் எம்.பி.க்கள் ஏழு பேருக்கும் அதே கதி.

பதவி போகாது என்பதால் அங்கே பின்வரிசை எம்.பி.க்கு, அதாவது அமைச்சர் பதவி இல்லாத சாதாரண எம்.பி.க்கு, உண்மையான பலம் இருக்கிறது. ஒருவர் மீறினால் தண்டிக்கலாம். நூற்றிருபது பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் யாரைத் தண்டிப்பது? 2025 ஜூனில் நடந்தது அதுதான். அந்த மசோதாவை நிறுத்தக் கோரும் தீர்மானத்தில் லேபர் எம்.பி.க்கள் 120-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். எதிர்க்கட்சி எத்தனை சத்தம் போட்டாலும் நகராத அரசு, தன் பின்வரிசை முகம் சுளித்தால் நகரும். அதனால் வாராவாரம் கேட்கும்போது, பேச்சு எதைப் பற்றி இருந்தாலும், 'ஆளுங்கட்சி பின்வரிசை என்ன நினைக்கிறது?' என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் செய்தாலே பாதி அரசியல் புரிந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பிரதமரை இறக்குவதும் பெரும்பாலும் சொந்தக் கட்சிதான். 2019 டிசம்பர் தேர்தலுக்கும் 2024 ஜூலை தேர்தலுக்கும் நடுவில் மூன்று பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கன்சர்வேட்டிவ் பின்வரிசை எம்.பி.க்களின் அமைப்புக்கு '1922 கமிட்டி' என்று பெயர். அதன் தலைவரிடம் நம்பிக்கையில்லை என்று கடிதம் கொடுக்கலாம். 2022-ல் 54 கடிதம் சேர்ந்ததும் ஜான்சன் மீது ஓட்டெடுப்பு நடந்தது. ஜூன் 6-ம் தேதி 211-க்கு 148 என்று தப்பினார். அடுத்த மாதமே இரண்டு மூத்த அமைச்சர்கள் ராஜினாமா செய்ய, தொடர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பதவியை விட்டுப் போனார்கள். ஜூலை 7-ல் அவரும் விலகுவதாக அறிவித்தார். அடுத்து வந்த லிஸ் டிரஸ் 81,326 கட்சி உறுப்பினர்களின் ஓட்டில் தலைவராகி, அதனாலேயே பிரதமரும் ஆனார். 49 நாளில் போய்விட்டார். இந்த 2022-ம் ஆண்டின் பழைய எபிசோடுகள் செயலிகளில் இன்னும் கிடைக்கின்றன. ஒரு மழை நாளில் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், பாடப் புத்தகம் தராத தெளிவு கிடைக்கும்.

புதன்கிழமையைத் தவறவிடாதீர்கள்

வாரக் கடைசி எபிசோடு பெரும்பாலும் புதன்கிழமையைச் சுற்றித்தான் இருக்கும். லண்டன் நேரம் பகல் 12 மணிக்குப் பிரதமர் கேள்வி நேரம். நமக்கு அவர்களின் கோடையில் மாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. அரை மணி நேரம்தான். காபி குடித்துக்கொண்டே இணையத்தில் நேரலையாகப் பார்த்துவிடலாம்.

முதல் கேள்வி எப்போதும் சடங்கு: பிரதமரின் அன்றைய வேலைகள் என்ன என்று கேட்பார்கள். எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்விகள், மூன்றாவது பெரிய கட்சியின் தலைவருக்கு இரண்டு. பேச வாய்ப்பு வேண்டும் எம்.பி.க்கள் ஒவ்வொரு பதில் முடிந்ததும் எழுந்து எழுந்து உட்காருவார்கள், சபாநாயகர் கண்ணில் படுவதற்காக. இதையெல்லாம் ஒருதடவை கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் பாட்காஸ்ட்டில் 'அந்த நேரத்தில் அவர் பின்னால் இருந்தவர்கள் அமைதியாக இருந்தார்கள்' என்று சொல்லும்போது உங்களுக்குக் காட்சியாகவே தெரியும். எதிர்க்கட்சித் தலைவரின் நையாண்டியில் மயங்கவேண்டாம். அது மறுநாள் மறந்துபோகும். ஆளுங்கட்சி வரிசையிலிருந்து பணிவான குரலில் வரும் சங்கடமான கேள்விகளைக் குறித்து வையுங்கள்.

கேட்கும்போது ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் மூன்று வரி போதும்: யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், அடுத்த தேதி எது. மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். ஓட்டெடுப்பு, இடைத்தேர்தல், பட்ஜெட் என்று ஏதாவது ஒரு தேதியை நோக்கித்தான் எல்லாம் நகரும்.

லண்டன் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது

என் அக்கா மகள் லெஸ்டரிலிருந்து கிளாஸ்கோவுக்கு மாறிப் போனபோது, நர்ஸ்கள் சம்பளம் பற்றி ஹெல்த் செக்ரட்டரி பேசிய எபிசோடு ஒன்றைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு எப்ப மாமா ஏறும்?" என்றாள். அவளுக்கு அது பொருந்தவே பொருந்தாது. அந்த அமைச்சரின் கையில் இருப்பது இங்கிலாந்தின் மருத்துவமனைகள் மட்டும். ஸ்காட்லாந்தில் மருத்துவமும் கல்வியும் எடின்பராவில் உள்ள நாடாளுமன்றத்தின் பொறுப்பு. பாட்காஸ்ட்டில் அதை ஹோலிரூட் என்பார்கள். வேல்ஸுக்கு செனெத் என்ற அவை, வடக்கு அயர்லாந்துக்கு ஸ்டார்மான்ட். ராணுவம், வெளியுறவு, விசா போன்றவை லண்டனிடம். பல பாட்காஸ்ட்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு அவற்றின் மேல் இருக்கும் உண்மையான குறை இதுதான். பள்ளி, மருத்துவமனை என்று வந்தாலே, 'இது இங்கிலாந்துக்கு மட்டுமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டின் ஓட்டம்

ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நாடாளுமன்றத்துக்கு விடுமுறை. அப்போது எபிசோடுகள் சுரத்தில்லாமல் இருக்கும், புதிதாகத் தொடங்க அது நேரமில்லை. செப்டம்பர், அக்டோபரில் கட்சி மாநாடுகள். இலையுதிர் காலத்தில் பட்ஜெட். பட்ஜெட் வாரத்தில் ஓபிஆர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். 2010-ல் அமைத்த சுதந்திரமான மதிப்பீட்டு அலுவலகம் அது. அரசின் கணக்கு தேறுமா என்று அது சொல்லும். லிஸ் டிரஸ் அரசு 2022 செப்டம்பர் 23-ல் ஓபிஆர் மதிப்பீடு இல்லாமலே பெரிய வரிக்குறைப்பை அறிவித்தது. மூன்றே நாளில் டாலருக்கு எதிராக பவுண்டு அதுவரை காணாத அளவுக்கு விழுந்தது. அதற்குப் பின் எந்த சான்சலருக்கும் அந்த அலுவலகத்தைத் தாண்டிப் போகத் துணிவு இல்லை.

மே மாதம் உள்ளாட்சித் தேர்தல்கள். இடைத்தேர்தல் எப்போது வேண்டுமானாலும் வரும். 2025 மே 1-ல் ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி தொகுதியை, முந்தைய ஆண்டு லேபர் ஏறக்குறைய 14,700 ஓட்டு வித்தியாசத்தில் வென்ற இடத்தை, ரிஃபார்ம் கட்சி ஆறே ஓட்டில் பறித்தது. அன்றிலிருந்து லேபர் பின்வரிசையில் பலர் தங்கள் தொகுதிக் கணக்கை மறுபடி போட ஆரம்பித்தார்கள். ஜூலை 1-ம் தேதி இரவைப் புரிந்துகொள்ள அந்த ஆறு ஓட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேட்டதைச் சரிபார்ப்பது

பாட்காஸ்ட்டில் ஒருவர் 'அந்த எம்.பி. இப்படி ஓட்டுப் போட்டார்' என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நாடாளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட் இணையத்தில் இலவசம். யார் எந்தப் பக்கம் என்று பெயர் பெயராகப் பட்டியல் இருக்கும். 'தே ஒர்க் ஃபார் யூ' என்ற தளத்தில் உங்கள் தபால் குறியீட்டைப் போட்டால் உங்கள் எம்.பி.யின் பேச்சும் ஓட்டும் வந்துவிடும். மாதம் ஒருதடவை, நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்டுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து ஓர் எபிசோடும் கேளுங்கள். ஒரே வாரத்தை இரண்டு பேர் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.

அங்கே இருப்பவர்களுக்கு இன்னொன்று. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காமன்வெல்த் குடிமக்கள். முறையான விசாவில் பிரிட்டனில் வசித்தால், பொதுத் தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் ஓட்டுப் போடலாம். மாணவர்களுக்கும் இது பொருந்தும். இது தெரியாமல் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று இருந்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை. இணையத்தில் பதிவு செய்தால் போதும், சில நிமிட வேலை. பொதுத் தேர்தலில் சாவடிக்குப் போகும்போது படத்துடன் கூடிய அடையாளம் வேண்டும், நம் பாஸ்போர்ட்டே செல்லும்.

அக்கா மகள் 2024 ஜூலை 4-ல் ஓட்டுப் போட்டது லெஸ்டர் கிழக்குத் தொகுதியில். காலை 7 மணிக்குத் திறந்த சாவடி இரவு 10 வரை. டூட்டி முடித்துவிட்டுப் போனாள். விரலில் மை வைக்கவில்லை என்பதுதான் அவளுக்கு முதல் ஆச்சரியம். மறைவாக நின்று, அங்கே வைத்திருந்த பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தாள். நாடு முழுக்கத் தோற்ற கன்சர்வேட்டிவ் கட்சி அந்தத் தேர்தலில் புதிதாகப் பிடித்த ஒரே தொகுதி அவளுடையதுதான். அந்த வார எபிசோடில் தன் தொகுதிப் பெயர் வந்த இடத்தை மட்டும் மூன்றுதடவை கேட்டதாகச் சொன்னாள்.